‘ஆ’ காட்டியவர்கள்

எழுமலையில் ஒருவருக்கு வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள் என்றால், அது அவருக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்று நினைத்துவிடாதீர்கள். மதுரைக்குப் போனவர் உசிலம்பட்டி வழியாக ஊர் வந்து இறங்குவதற்குள் டீக்கடையில் ரிப்போர்ட் வாசித்து முடித்திருப்பார்கள். “என்ன மாமா, அல்சர்ங்கிறாய்ங்க?” என்பது முதல் கேள்வி. “டியூப்பு எம்புட்டு நீளம்?” என்பது இரண்டாவது. டாக்டர் கையில் இருந்த குழாயே மொத்தம் ஒரு மீட்டர் சொச்சம்தான். மாமா சொல்லச் சொல்ல அது கமலை வடம் நீளத்துக்கு வளர்ந்துவிடும். ஒரு வாரத்துக்கு அவர்தான் ஊரில் ஹீரோ. டாக்டர் பெயர் என்ன என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

எழுமலை செய்வதுதான் நியாயம். உலக சரித்திரம் இதை அப்படியே தலைகீழாகச் செய்து வைத்திருக்கிறது. குழாயின் இந்த முனையில் கண்ணை வைத்தவருக்கு மெடல், படம், பாடப்புத்தகத்தில் ஒரு பாரா. அந்த முனையை விழுங்கி, கண்ணில் நீர் வழியப் படுத்துக் கிடந்தவருக்கு? பெயர்கூட இல்லை.

நம்மவர்களிடமிருந்தே ஆரம்பிக்கலாம். வாதாபி கதை தெரியும்தானே? ஆட்டுக்கறியாக அகத்தியர் வயிற்றுக்குள் போன அசுரன். அண்ணன் இல்வலன் வெளியே நின்று “வாதாபி, வா வெளியே!” என்று கூப்பிட, முனிவர் வயிற்றைத் தடவி, “வாதாபி ஜீரணம்” என்று கேஸை முடித்துவிட்டார். இன்றைக்கும் குழந்தைக்குப் பால் புகட்டிய கையோடு பாட்டிகள் இதையே சொல்லித் தடவுகிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான். உள்ளே என்ன நடந்தது என்று யாராவது பார்த்தார்களா? ஸ்கேன் உண்டா, ஸ்கோப் உண்டா? முனிவர் ஏப்பம் விட்டார், நாம் நம்பிவிட்டோம்.

அகத்தியரின் சிஷ்யகோடிகள் நமக்குப் பக்கத்து வீடு. சாப்டூர் மலையேறினால் சதுரகிரி. சித்தர்கள் இன்னும் நடமாடுகிறார்கள் என்று சத்தியம் செய்ய ஆள் இருக்கிறது. சித்த வைத்தியத்தில் எண்வகைத் தேர்வு என்று ஒன்று உண்டு. நாடி, தொடுவுணர்ச்சி, நாக்கு, நிறம், குரல், கண், மலம், மூத்திரம். எட்டு சோதனை இருந்தும் எட்டிப் பார்க்கிற சோதனை ஒன்றுகூட இல்லை, கவனித்தீர்களா? வெளியே வந்ததை வைத்து உள்ளே இருப்பதைக் கணிப்பது. எக்ஸிட் போல் என்பதை நாம்தான் கண்டுபிடித்தோம் என்று இனி தாராளமாக மார்தட்டலாம்.

சுஸ்ருதர் கொஞ்சம் துணிந்தவர். மூலத்தைப் பார்க்க, பசுவின் மடிக்காம்பு வடிவத்தில் குழாய் செய்யச் சொல்லி அளவோடு எழுதி வைத்தார். வாசல் வரைக்கும் போனார், அதுவும் பின்வாசல். ஹடயோகப் பிரதீபிகைக்காரர் முன்வாசலை எடுத்துக்கொண்டார். நாலு விரல் அகலம், 15 முழம் நீளம் உள்ள ஈரத்துணியை மெல்ல மெல்ல விழுங்கி வெளியே இழுக்க வேண்டுமாம், வயிறு சுத்தமாக. பதினைந்து முழம்! நாம் இடுப்பில் கட்டுவதே எட்டு முழம்தான்.

இப்போது ஜெர்மனிக்குப் போவோம். 1806-ல் பிலிப் போட்சினி என்ற இளம் டாக்டர் ஒரு கருவியை உலகுக்கு அறிவித்தார். பூச்சாடி மாதிரி ஒரு டப்பா. உள்ளே ஒரு மெழுகுவர்த்தி, அதன் வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு கண்ணாடி, முன்னால் ஒரு குழாய். இதை மனிதனின் எந்தத் துவாரத்திலும் வைத்துப் பார்க்கலாம் என்றார். எரிகிற மெழுகுவர்த்தியோடு ஒருவர் உங்களை நெருங்குகிறார், அதுவும் எந்தப் பக்கம் என்று சொல்லாமல். நீங்களும் நானும் ஓடியிருப்போம். கருவி சோதனைக்குப் போன வியன்னாவில் மருத்துவப் பெரியவர்கள் ஓடவில்லை, கமிட்டி போட்டார்கள்.

ராணுவ மருத்துவ அகாடமி கருவியைச் சோதித்துவிட்டு, பரவாயில்லை என்றது. பல்கலைக்கழகத்து மருத்துவர்களுக்கும் ராணுவ அகாடமிக்கும் அப்போது ஆகாது. அவர்கள் நல்லது என்று சொன்னால் இவர்கள் என்ன சொல்வார்கள்? வெறும் வேடிக்கைப் பொருள் என்று எழுதி மூடிவிட்டார்கள். ஆபீஸ் அரசியல் நம் தாலுகா ஆபீஸில் பிறந்தது என்று இத்தனை நாள் நினைத்துக் கொண்டிருந்தேன். போட்சினி 1809-ல் நோயாளிகளைப் பார்க்கப் போய் டைஃபஸ் காய்ச்சல் தொற்றி, 35 வயதில் போய்ச் சேர்ந்தார். கருவியைப் பின்னால் மியூசியத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

அடுத்து வந்த பாரிஸ்காரர் தெசோர்மோ, மெழுகுவர்த்தி பத்தாது என்று 1853-ல் சாராயமும் டர்பன்டைனும் கலந்து எரிகிற விளக்கை மாட்டினார். வெளிச்சம் பிரமாதம். எண்டோஸ்கோப் என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் இவரே. நோயாளிக்குத் தொடையில் சூடு பட்டதுதான் சின்னச் சிக்கல்.

இவர்கள் எல்லாரும் சிறுநீர்ப்பை, பின்வாசல் என்று குறுக்கு வழிகளில் சுற்றிக்கொண்டிருந்தவர்கள். இரைப்பைக்குள் இறங்குவது எப்படி? தொண்டை ஒரு வளைவு, குழாய் நேர்க்கம்பி. 1868-ல் ஃப்ரைபர்க் ஊரில் அடோல்ஃப் குஸ்மவுல் என்ற பேராசிரியர் இதற்குக் கண்டுபிடித்த வழி உண்மையிலேயே மேதைத்தனமானது. வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைக் கூட்டி வந்தார்.

யோசித்துப் பாருங்கள். இத்தனை படித்த பேராசிரியர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த பிரச்சினையை, திருவிழாக்களில் தட்டேந்திப் பிழைக்கிற ஒரு மனிதர் எப்போதோ தீர்த்து வைத்திருந்தார். தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்தை நீட்டி, ஓக்காளத்தை அடக்கினால் வாயிலிருந்து இரைப்பை வரை ஒரே நேர்கோடு. 47 சென்டிமீட்டர் நீளம், 13 மில்லிமீட்டர் தடிமன் உள்ள குழாயை அவர் சர்வ சாதாரணமாக இறக்கிக்கொண்டார். குஸ்மவுல் ஆவலோடு குனிந்து கண்ணை வைத்தார். தெரிந்தது இருட்டு. டர்பன்டைன் வெளிச்சம் அவ்வளவு தூரம் போகவில்லை. பம்ப்பால் இரைப்பை நீரை எவ்வளவு இறைத்தாலும் அது ஊறிக்கொண்டே இருந்தது. கடைசியில் பேராசிரியர் அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

குஸ்மவுல் ஏமாந்து போகிற ஆள் இல்லை. இளமையில் நண்பர் ஒருவரோடு சேர்ந்து, கிராமத்து வாத்தியார் எழுதுவது போல அசட்டுக் கவிதைகளைக் கேலிக்காக எழுதியவர். அந்தக் கற்பனை வாத்தியாரின் பெயர்தான் பின்னால் பீடர்மையர் என்று ஜெர்மன் கலையில் ஒரு காலகட்டத்துக்கே பெயராகிவிட்டது. டயபடீஸ் முற்றினால் வருகிற மூச்சிரைப்புக்கும் குஸ்மவுல் பெயர். இப்படிக் கால் வைத்த இடமெல்லாம் அவர் பெயர். வாள் விழுங்கியவர்? பெரும்பாலான புத்தகங்களில் ‘ஒரு வாள் விழுங்கி’ என்பதோடு சரி.

இந்த வித்தையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. குஸ்மவுலுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1810-களில், லண்டனில் காசு வாங்கிக்கொண்டு வாள் விழுங்கியவர் ராமோ சாமி. விளம்பரத்தில் அப்படித்தான் போட்டார்கள். நம் ராமசாமிதான் இங்கிலீஷ்காரன் வாயில் மாட்டி அப்படி நசுங்கியிருக்க வேண்டும். அந்த நாள் இந்திய வித்தைக்காரர்களின் பந்தெறியும் வித்தையை வில்லியம் ஹேஸ்லிட் என்ற பெரிய கட்டுரையாளர் வாய் பிளந்து பாராட்டினார்; வாள் விழுங்குவதை மட்டும் போலீஸ் தடுக்க வேண்டும் என்றார். பக்கத்தில் ஒரு டாக்டர் உட்கார்ந்திருந்து, “தம்பி, கொஞ்சம் அப்படியே நில்லு” என்று சொல்லியிருந்தால் மருத்துவ சரித்திரம் ராமசாமியின் தொண்டையில் ஆரம்பித்திருக்கும். 1850-ல் அவர் இறந்தபோது அடக்கம் செய்யக் காசில்லாமல் மனைவி பத்திரிகை மூலம் உதவி கேட்டார்.

குழாயே வேண்டாம், வயிற்றில் நேராக ஜன்னல் வைத்தால் என்ன? அதுவும் நடந்திருக்கிறது. 1822-ல் அமெரிக்காவில் மேக்கினாக் தீவு. தோல் வியாபாரக் கம்பெனியில் படகு வலிக்கிற அலெக்சி சென் மார்ட்டினுக்குத் தவறுதலாகத் துப்பாக்கி வெடித்து விலாவுக்குக் கீழே குண்டடி. பிழைக்க மாட்டான் என்றார் ராணுவ டாக்டர் வில்லியம் பூமான்ட். மனிதர் பிழைத்ததோடு, இரைப்பையின் ஓட்டை மூடாமல் அப்படியே வெளித்தோலோடு ஒட்டிக்கொண்டது. விரலால் தள்ளினால் திறக்கிற கதவு. டாக்டருக்கு லாட்டரி விழுந்த மாதிரி.

பூமான்ட் அவரை வீட்டில் வேலைக்கு வைத்துக்கொண்டார். விறகு வெட்டு, தண்ணீர் தூக்கு, நடுவில் வந்து வயிற்றைக் காட்டு. பட்டு நூலில் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, ரொட்டி, முட்டைக்கோஸ் எல்லாம் கட்டி ஓட்டை வழியாக உள்ளே விடுவார். மணிக்கு ஒருமுறை இழுத்து, எது கரைந்தது, எது கரையவில்லை என்று குறிப்பார். தூண்டில் போடுகிறவன் மீனுக்காவது ஒரு மரியாதை வைத்திருப்பான். ஒருநாள் காலி வயிற்றில் புளிப்பு இருக்கிறதா என்று அறிய, டாக்டர் இரைப்பையின் உள்சுவரில் நாக்கை வைத்தே பார்த்தார். மன்னிக்கவும், நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இந்தப் பாராவை அப்புறம் படியுங்கள்.

அலெக்சி ஓடிப்போனார். கனடாவுக்குப் போய்க் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, வறுமையில் திரும்பி வந்தார். இந்த முறை டாக்டர் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார், வருஷத்துக்கு 150 டாலர். வயிற்றை வாடகைக்கு விட்ட முதல் மனிதர் இவராகத்தான் இருப்பார். 1833-ல் பூமான்ட் புத்தகம் போட்டு உலகப் புகழ் பெற்றார். ஜீரணம் என்பது வயிற்றுக்குள் நடக்கும் சமையலும் அல்ல, அரவையும் அல்ல, ரசாயன வேலை என்று நாம் தெரிந்துகொண்டது இப்படித்தான். அலெக்சி மறுபடியும் ஓடிப்போனார்.

கடைசிச் சிரிப்பு அவருடையதே. டாக்டர் 1853-ல் பனிப்படியில் வழுக்கி விழுந்து செத்தார். ஓட்டை வயிற்றுக்காரர் 1880 வரை இருந்தார். இறந்ததும் அந்த இரைப்பையை மியூசியத்துக்கு வாங்கிவிட மருத்துவர்கள் துடித்தார்கள். குடும்பம் என்ன செய்தது தெரியுமா? கொளுத்தும் கோடையில் உடலை நாலு நாள் வீட்டிலேயே போட்டு அழுகவிட்டு, எட்டடி ஆழத்தில் புதைத்து, யாரும் வர வேண்டாம் என்று தந்தி அடித்தது.

இதற்கு நேர் எதிர், செவாலியே ஜாக்சன் என்ற அமெரிக்க டாக்டர். தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் மாட்டிய சாமான்களைக் குழாய் விட்டு எடுப்பதில் மன்னர். ஊசி, பொத்தான், எலும்பு, காசு. எடுத்ததைத் திருப்பித் தர மாட்டார். விழுங்கிய காசைக் கேட்டு ஒருவர் கொலை மிரட்டலே விட்டாராம், தரவில்லை. 2,374 சாமான்கள் இன்றும் ஃபிலடெல்ஃபியா மியூசியத்தில் டிராயர் டிராயராக இருக்கின்றன. அதில் ஒன்று, அதிர்ஷ்டத்துக்கு என்னைக் கூடவே வைத்துக்கொள் என்று பொறித்த மெடல். விழுங்கியவர் அறிவுரையைக் கொஞ்சம் ஓவராக எடுத்துக்கொண்டுவிட்டார்.

வளையாத கம்பியைக் கொஞ்சம் வளைய வைத்தவர் ருடால்ஃப் ஷிண்ட்லர். 1932-ல் ஜார்ஜ் வோல்ஃப் என்ற கருவி செய்பவரோடு சேர்ந்து, கீழ்ப்பகுதி மட்டும் வளைகிற குழாயைச் செய்தார். ஆனால் அவர் கெட்டிக்காரத்தனம் குழாயில் இல்லை என்பது என் கட்சி. குழாய் இறங்கும்போது நோயாளியின் தலையைப் பிடித்து, ஆறுதல் சொல்லி, அசையாமல் வைத்திருந்தவர் அவர் மனைவி கேப்ரியேல். நாஜிகள் 1934-ல் ஷிண்ட்லரைக் கைது செய்து தாக்காவ் முகாமில் அடைத்தார்கள். வெளியே வந்து சிகாகோ போனார். அங்கேயும் குழாயோடு கூடவே மனைவி.

ஜப்பானில் வேறு மாதிரி யோசித்தார்கள். கண்ணை வைத்துப் பார்ப்பானேன், கேமராவையே விழுங்கச் சொன்னால்? 1950-ல் உஜி என்ற சர்ஜனும் ஒலிம்பஸ் கம்பெனியின் சுகியுராவும் குழாய் நுனியில் குட்டி பல்பும் ஃபிலிமும் வைத்தார்கள். அறையை இருட்டாக்கி ஃபிளாஷ் அடித்தால் வயிற்றின் மேல்தோலில் வெளிச்சம் தெரியும். அதை வைத்துக் கேமரா எங்கே இருக்கிறது என்று குத்துமதிப்பாகக் கண்டுபிடிக்க வேண்டும். எடுப்பவருக்கு என்ன எடுக்கிறோம் என்று தெரியாது. ஃபிலிம் கழுவினால்தான் தெரியும் கண் மூடியிருக்கிறதா என்று. உலகின் முதல் செல்ஃபிக்காரர்களாகிய அந்த ஜப்பானிய வயிற்றுக்காரர்களுக்கும் பெயரில்லை.

கடைசியில் கம்பியை நிஜமாகவே நூலாக்கியவர்களில் ஒருவர் பஞ்சாபி. மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார், ஒளி நேர்கோட்டில்தான் போகும் என்றாராம். பையனுக்கு அது பிடிக்கவில்லை. 1954-ல் லண்டனில் ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியரோடு சேர்ந்து, வளைந்த கண்ணாடி இழைக்கட்டு வழியாகப் படத்தையே அனுப்பிக் காட்டி ‘நேச்சர்’ இதழில் எழுதினார். நாங்களும் வாத்தியாரை எதிர்த்துப் பேசியிருக்கிறோம். முட்டி போட வைத்தார்கள். ஃபைபருக்கான நோபல் 2009-ல் சார்லஸ் காவ் என்பவருக்குப் போனது. கபானிக்கு 2021-ல் பத்ம விபூஷண், அதுவும் அவர் போன பிறகு.

அந்தக் கட்டுரையைப் படித்த பசில் ஹிர்ஷோவிட்ஸ், அமெரிக்காவில் மிச்சிகனில் வயிற்று டாக்டர். கண்ணாடி இழைகள் ஒன்றோடொன்று உரசி வெளிச்சத்தை ஒழுகவிட்டன. ஒவ்வோர் இழைக்கும் வேறு கண்ணாடியில் ஒரு மேலுறை போட்டு ஒழுக்கை நிறுத்தியவர் லாரன்ஸ் கர்ட்டிஸ், இன்னும் டிகிரி முடிக்காத மாணவர். இழுத்த இழையை ஓட்ஸ் டப்பாவில் சுற்றினார்கள். வயிற்றுக்குள் போகப்போகும் சாமானுக்குப் பொருத்தமான டப்பாதான். 1957 பிப்ரவரியில் ஹிர்ஷோவிட்ஸ் அந்தத் தடித்த குழாயைச் சற்று நேரம் முறைத்துப் பார்த்துவிட்டுத் தானே விழுங்கினார். சபாஷ், கடைசியில் ஒரு டாக்டர் ‘ஆ’ காட்டினார்! சில நாளில் முதல் நோயாளி. அவர் யார்? அல்சர் வந்த ஒரு பெண். பல் டாக்டருக்குப் படித்த ஒரு மாணவரின் மனைவி. அவ்வளவுதான் விலாசம்.

அல்சர் என்றதும் எழுமலையில் தீர்ப்பு ரெடி. நேரத்துக்குச் சாப்பிடாதது, புரோட்டா சால்னா, மருமகள். உலகமும் கிட்டத்தட்ட அதைத்தான் நம்பியது, டென்ஷனும் காரமும் என்று. ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், இது பாக்டீரியா வேலை என்றார். யாரும் நம்பவில்லை. 1984-ல் எண்டோஸ்கோப்பி செய்து தன் வயிறு சுத்தம் என்று நிரூபித்துக்கொண்டு, கிருமி வளர்த்த குழம்பை மடக்கென்று குடித்தார். சில நாளில் வாந்தி, வாய் நாற்றம். மறுபடி ஸ்கோப் விட்டுப் பார்த்தால் இரைப்பை அழற்சி கண்டு கிடந்தது. மனிதருக்கு ஒரே மகிழ்ச்சி. 2005-ல் ராபின் வாரனோடு சேர்த்து நோபல் கொடுத்தார்கள். மனைவியிடம் குடித்த பிறகுதான் சொன்னாராம். குடித்துவிட்டு அப்புறம் சொல்கிற கணவர்கள் நம் பக்கமும் உண்டு, நோபல்தான் வரக்காணோம்.

இத்தனை பேர் சூடுபட்டு, குமட்டி, கண்ணீர் விட்டதன் பலன் இன்று மதுரையில் பத்து நிமிஷ வேலை. வெறும் வயிற்றோடு போகிறீர்கள். தொண்டையில் கசப்பாக ஒரு ஸ்பிரே; நாக்கு மரத்துத் தடித்துப் போகிறது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, பல்லுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் வளையம். சுண்டுவிரல் தடிமனில் ஒரு கறுப்புக் குழாய். “முழுங்குங்கண்ணே, முழுங்குங்க... இப்ப முழுங்காதீங்க, எச்சிய வெளிய விடுங்க.” எதை முழுங்க, எதை விட என்று முடிவு செய்வதற்குள் மானிட்டரில் உங்கள் இரைப்பை, பளபளவென்று ரோஜா நிறத்தில். காற்று ஏற்றி வயிற்றை விரிப்பதால் அகத்தியர் அளவுக்கு ஒரு ஏப்பம். சில டாக்டர்கள் மயக்க ஊசி போட்டுவிடுவார்கள். அது வீரத்துக்குக் கொஞ்சம் இழுக்கு, டீக்கடையில் சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

பார்ப்பதோடு நிற்பதும் இல்லை. குழாய்க்குள் ஒரு சின்னப் பாதை உண்டு. அதன் வழியாகக் கிளிப், கத்தி, கண்ணி எல்லாம் போகும். ரத்தம் கசிகிற அல்சருக்குக் கிளிப் போடலாம். குடித்துக் கல்லீரல் கெட்டு, ரத்த வாந்தி எடுத்து ராத்திரியோடு ராத்திரியாகப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடி வருகிறவருக்கு, உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய்க்கு ரப்பர் பேண்ட் மாட்டலாம். ரத்தத்தை நிறுத்திவிடலாம், குடியை நிறுத்த இன்னும் குழாய் வரவில்லை.

குழாயே வேண்டாம் என்று ஒருவர் கிளம்பினார். இஸ்ரேலில் ஏவுகணைக்குக் கண் செய்கிற எஞ்சினியர் கவ்ரியேல் இத்தான். பக்கத்து வீட்டுக்காரர் வயிற்று டாக்டர். சிறுகுடலுக்குள் சரியாகப் பார்க்க முடியவில்லை என்று புலம்பினார். ஏவுகணையை விழுங்கினால் என்ன என்று இவர் யோசித்தார். 2001-ல் அமெரிக்க அரசு அனுமதித்த கேப்ஸ்யூல் கேமரா அப்படி வந்ததுதான். மாத்திரை மாதிரி முழுங்கினால் ஆயிரக்கணக்கில் படம் அனுப்பிவிட்டுத் தன் வழியில் போய்விடும். அந்த ஏவுகணை தரையிறங்கும் இடம் பற்றி மட்டும் விளம்பரத்தில் யாரும் படம் போடுவதில்லை.

பெயர் இல்லாதவர்களின் இந்தக் கணக்கைக் கடைசியில் நேர் செய்தவர் ஜப்பானில் கொமகானே ஊர் டாக்டர் அகிரா ஹொரியுச்சி. பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியை ஏன் படுத்துக்கொண்டே செய்ய வேண்டும் என்று அவருக்கு ஒரு சந்தேகம். நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு கையில் கைப்பிடி. இன்னொரு கையால் குழாயை, போக வேண்டிய இடத்துக்கு அனுப்பினார். குழாயின் இரண்டு முனையிலும் அவரே! லேசான அசௌகரியம்தான் என்று கட்டுரையும் எழுதினார். 2018-ல் முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிக்கான இக் நோபல் கொடுத்தார்கள். பரிசுப் பணம் 10 லட்சம் கோடி டாலர், ஜிம்பாப்வே நோட்டில். அந்த நோட்டு செல்லாது என்று 2015-லேயே அறிவித்துவிட்டார்கள்.